பக்கத்து நாடு நிறுத்திட்டா நாம என்ன செய்யணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாசகர் பக்கத்துல ஒரு தம்பி எழுதியிருந்தார். இந்தோனேசியா மணல நிறுத்தும், மலேசியா கோழிய நிறுத்தும், நமக்கு குடுக்குற தண்ணியோட விலைய பத்தி நெனச்சப்பல்லாம் பேசும், சிங்கப்பூர் மட்டும் எல்லாத்தயும் கேட்டுக்கிட்டு அடங்கிப் போகணுமா, ஒரு தடவையாச்சும் நாமளும் எதையாவது நிறுத்திக் காட்டணும்னு. அவர் கோபம் எனக்கு நல்லா புரியுது, ஏன்னா 2007ல எனக்கும் இதே கோபம் வந்துச்சு. இப்ப எனக்கு 63 வயசு. அந்த கோபம் தப்புன்னு நினைக்கிறேன், அது ஏன்னு சொல்லத்தான் எழுதுறேன். கடிதம் நீளமா இருந்தா வெட்டிக்கோங்க, ஆனா தண்ணி ஒப்பந்தம் பத்தி எழுதுற பகுதிய மட்டும் தயவு செஞ்சு வெட்டிடாதீங்க.

முதல்ல மணல் கதை. அப்போ நான் ஒரு வீடமைப்பு சைட்டுல சூப்பர்வைசர். 2007 ஜனவரி கடைசியில இந்தோனேசியா மணல் ஏற்றுமதிய நிறுத்தப்போறதா அறிவிச்சாங்க, பிப்ரவரியில நிறுத்தியும் விட்டாங்க. கடல் மணல 2003லயே நிறுத்திட்டாங்க, மலேசியா 1997லயே நிறுத்தியாச்சு, அதனால கான்கிரீட்டுக்கு போடுற மணலுக்கு நாம பெரும்பாலும் இந்தோனேசியாவதான் நம்பியிருந்தோம். கான்கிரீட் சப்ளையர் போன் எடுக்கவே மாட்டேங்குறார், எடுத்தா இன்னிக்கு லாரி இல்ல நாளைக்கும் சந்தேகம்தான்னு சொல்றார், ஸ்லாப்புக்கு கம்பி எல்லாம் கட்டி முடிச்சு பலகை அடிச்சு வச்சிட்டு கான்கிரீட் ஊத்த முடியாம நாங்க வானத்த பாத்துக்கிட்டு நிக்கிறோம். மெயின் கான்ட்ராக்டர் ஒருபக்கம் கத்துறார். ஓவர்டைம் போச்சு, ஊருக்கு பணம் அனுப்ப வேண்டிய பசங்க முகம் வாடிப்போச்சு. கொஞ்ச நாள்ல கிரானைட் கல்லு ஏத்தி வந்த பார்ஜ் படகையும் இந்தோனேசியா கடற்படை புடிச்சு வச்சிட்டாங்கன்னு செய்தி வந்துச்சு. அன்னிக்கு மதியம் சாப்பாட்டு நேரத்துல நான் இந்தோனேசியாவ கண்டபடி திட்டினேன்.

அப்போ பக்கத்துல உக்காந்திருந்த ஒரு தொழிலாளி, கொள்ளிடக்கரையில ஏதோ ஒரு கிராமம், அவர் சொன்னது இன்னமும் என் காதுல இருக்கு. "அண்ணே, எங்க ஊரு ஆத்துல மணல அள்ளி அள்ளி ஊர்க்கிணறு எல்லாம் கீழ போயிருச்சு, போர் எத்தன அடி போட்டாலும் தண்ணி இல்ல, யாராச்சும் ஒரு பய நிறுத்த மாட்டானான்னு நாங்க கும்பிடாத சாமி இல்ல. அவங்க நிறுத்திட்டாங்கன்னா அவங்க ஊரு மக்கள் சந்தோசப்படுவாங்கண்ணே." வேலை நின்னதால அவருக்கும் அந்த மாசம் சம்பளம் குறையத்தான் செஞ்சுது, ஆனாலும் அப்படி சொன்னார். எனக்கு பேச்சே வரல.

அதுக்கப்புறம்தான் அவங்க பக்கம் என்ன நடந்துச்சுன்னு தேடிப் படிச்சேன். நமக்கு எதிர்ல, சிங்கப்பூர் நீரிணையில நிப்பான்னு ஒரு சின்னத் தீவு இருக்கு, இந்தோனேசியாவோட தீவு. சுத்தி மணல் தோண்டித் தோண்டி அது கடலுக்குள்ள போற நிலைமைக்கு வந்துருச்சு. அவங்களுக்கு அது வெறும் மணல் திட்டு இல்ல, அவங்க கடல் எல்லைய அளக்குற புள்ளிகள்ல ஒண்ணு. நம்ம நிலப்பரப்பு 1960கள்ல 580 சதுர கிலோமீட்டர் சொச்சம், இப்ப 730ஐ தாண்டியாச்சு. ஒருத்தர் நிலம் வளருறப்போ பக்கத்து வீட்டுக்காரர் தீவு கரையுதுன்னா அவர் கேள்வி கேட்கத்தான் செய்வார். அந்த நேரத்துல குற்றவாளிய ஒப்படைக்கிற ஒப்பந்தத்த நாம சீக்கிரம் கையெழுத்து போடணும்னு நெருக்கத்தான் மணல நிறுத்தினாங்கன்னும் பேச்சு இருந்துச்சு, அங்கேயே சில அரசியல்வாதிங்க அப்படித்தான் பேசினாங்க. ரெண்டு காரணமும் கலந்திருக்கும்னுதான் நான் நினைக்கிறேன்.

இப்ப நம்ம அரசாங்கம் என்ன செஞ்சுதுன்னு பாருங்க. பதிலுக்கு எதையும் நிறுத்தல. ஏற்கனவே சேத்து வச்சிருந்த மணல் கையிருப்ப கட்டட, கட்டுமான ஆணையம் திறந்து விட்டுச்சு. நடந்துக்கிட்டிருந்த அரசாங்க புராஜெக்ட்டுகளுக்கு மணல் விலை ஏறின தொகையில 75 சதவீதத்த அரசாங்கமே ஏத்துக்கிச்சு. வேற நாடுகள்ல தேட சொல்லி இறக்குமதியாளர்கள அனுப்புனாங்க. எங்க சைட்ல கொஞ்ச வாரத்துல லாரி மறுபடி வர ஆரம்பிச்சுது, விலை மட்டும் பழைய விலை இல்ல. அந்த கையிருப்பு குவியல ரோட்டுல போறப்போ பாத்து இவ்ளோ இடத்த மணலுக்கு குடுத்து வீணடிக்கிறாங்களேன்னு முன்னாடி பேசினவங்கள்ல நானும் ஒருத்தன். அது எதுக்குன்னு அந்த பிப்ரவரிலதான் தெரிஞ்சுது.

அந்த ஒப்படைப்பு ஒப்பந்தம் என்ன ஆச்சுன்னா, 2007 ஏப்ரல்ல பாலியில ராணுவ ஒத்துழைப்பு ஒப்பந்தத்தோட சேத்து கையெழுத்தாச்சு, ஆனா இந்தோனேசிய நாடாளுமன்றத்துல நிறைவேறாம அப்படியே கிடந்துச்சு. 2022 ஜனவரியில பிந்தான்ல மறுபடி கையெழுத்து, 2024 மார்ச் 21 அன்னிக்குத்தான் நடைமுறைக்கு வந்துச்சு. 17 வருசம். நடுவுல நாம அவங்ககிட்ட குழாய் வழியா கேஸ் வாங்குறத நிறுத்தல, அவங்களும் குழாய அடைக்கல, ரெண்டு பக்கமும் உக்காந்து பேசிக்கிட்டே இருந்தாங்க.

இதுல ஒரு விஷயம் நம்மள நாமளே கேட்டுக்கணும், இத யாரும் எழுதுறதில்ல அதனால நான் எழுதுறேன். இந்தோனேசியா நிறுத்தினதும் மணல் கம்போடியாவுல இருந்து வந்துச்சு. அங்க கோ கோங் பக்கம் ஆத்து முகத்துவாரத்துல அள்ளினாங்க, மீனவங்க வலைக்கு நண்டு மீனு வரலன்னு வருசக்கணக்கா கத்தினாங்க. 2007க்கு அப்புறம் கம்போடியாவுல இருந்து 7 கோடி டன்னுக்கு மேல மணல் வந்ததா நம்ம கணக்கு சொல்லுது, கம்போடியா ஏற்றுமதி கணக்குல 30 லட்சம் டன் கூட இல்ல. மீதி கணக்கு எங்க போச்சுன்னு அங்க பெரிய சத்தம் வந்து 2017ல அவங்களும் மொத்தமா நிறுத்திட்டாங்க. நம்ம இறக்குமதியாளர்கள் சட்டப்படிதான் வாங்கினாங்கன்னு நம்ம பக்கம் விளக்கம் குடுத்தாங்க, இருக்கலாம், ஆனா சின்ன நாடு பெரிய நாட்டுக்கிட்ட நியாயம் எதிர்பாக்குறப்போ நம்மள விட ஏழையான ஒரு மீனவன் கிட்ட நாம எப்படி நடந்துக்கிட்டோம்னும் பாக்கணும் இல்லயா. இப்ப டெக்கோங் தீவுல டச்சுக்காரங்க முறையில 10 கிலோமீட்டர் நீளத்துக்கு அணை கட்டி உள்ள இருந்த தண்ணிய வடிச்சு நிலம் எடுத்திருக்காங்க, அதுக்கு மணல் ரொம்ப கம்மியா போதும். எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்கு தோண்டின மண்ணையும் கடல் நிரப்ப எடுத்துக்குறாங்க. இந்த வழிய இன்னும் முன்னாடியே புடிச்சிருக்கலாம்னு எனக்கு வருத்தம் உண்டு.

சரி தண்ணிக்கு வரேன்.

நான் பொறந்த மறு வருசம், 1963 ஏப்ரல்ல இருந்து 1964 பிப்ரவரி வரைக்கும், மழை இல்லாம சிங்கப்பூர்ல தண்ணி ரேஷன். என்னை இடுப்புல வச்சுக்கிட்டு பொதுக்குழாய்ல வரிசையில நின்னத அம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, பாத்திரம் கழுவுன தண்ணிய கூட சாக்கடையில ஊத்த விட மாட்டாங்க, செடிக்குத்தான் போகணும். அதுக்கும் முன்னாடி 1942ல ஜப்பான்காரன் வரான்னு பிரிட்டிஷ்காரங்க, மலேசியாவோட ஜொகூர் மாநிலத்தயும் நம்மளயும் சேக்குற காஸ்வே பாலத்த வெடி வச்சு உடைச்சப்போ அது மேல வந்த ஜொகூர் தண்ணிக்குழாயும் சேந்து போச்சு. ரெண்டு வாரத்துல சிங்கப்பூர் விழுந்துச்சு. வயசானவங்க யாரும் தண்ணிய பத்தி லேசா பேச மாட்டாங்க, காரணம் இதுதான்.

ஜொகூர்ல தண்ணி எடுக்க ஒப்பந்தம் ரெண்டு இருந்துச்சு. 1961 ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 31 அன்னிக்கு முடிஞ்சுது. அது முடிஞ்ச அன்னிக்கு ஸ்கூடாய், குனோங் பூலாய் நீர் நிலையங்கள, பம்ப் ஹவுஸ் எல்லாம் சேத்து, நல்ல நிலையில, ஒரு காசு வாங்காம ஜொகூர்கிட்ட ஒப்படைச்சாங்க, ஒப்பந்தத்துல அப்படி எழுதியிருந்துச்சு, எழுதினபடி செஞ்சாங்க. இன்னொண்ணு 1962 ஒப்பந்தம், 2061 வரைக்கும் இருக்கு. அதுப்படி ஜொகூர் ஆத்துல இருந்து ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரைக்கும் நாம எடுக்கலாம், மலேசியா காசுல 1,000 கேலனுக்கு 3 சென். சுத்தம் பண்ணின தண்ணியில ஒரு பங்க ஜொகூர் 1,000 கேலனுக்கு 50 சென்னுக்கு திருப்பி வாங்கிக்கலாம். சுத்தம் பண்ண நமக்கு ஆகுற செலவு 2 ரிங்கிட் 40 சென்னுன்னு நம்ம அரசாங்கம் சொல்லியிருக்கு. அதாவது அவங்க வாங்குற ஒவ்வொரு 1,000 கேலனுக்கும் நாம 1 ரிங்கிட் 90 சென் கையிலிருந்து போடுறோம்.

என் அக்காவ ஜொகூர்ல மாசாய்ல கட்டிக் குடுத்திருக்கு. ஒரு தீபாவளிக்கு போயிருந்தப்போ மச்சான் கேட்டார், "என்னப்பா மூணு சென்னுக்கு எங்க தண்ணிய வாங்கி கோடி கோடியா சம்பாதிக்கிறீங்களாமே." நான் இந்த 50 சென் கணக்க சொன்னேன். ஜொகூர்ல லிங்கியு அணைய, 1990ல போட்ட இன்னொரு ஒப்பந்தத்துக்கு அப்புறம், நாம 30 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல போட்டு கட்டினத சொன்னேன், அந்த அணை தண்ணிய புடிச்சு வச்சு விடுறதாலதான் கோடையில ஜொகூர் ஆத்துல கடல் உப்பு ஏறாம இருக்கு, அதனால ரெண்டு பேரும் ஆத்துல தண்ணி எடுக்க முடியுதுன்னும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "இத எங்களுக்கு யாருமே சொன்னதில்லப்பா"ன்னார். அப்புறம் அவர் சொன்னது, "ஆனா ஒண்ணு, எங்க வீட்டுக் குழாய்ல காத்து வர்றப்போ, காஸ்வேய தாண்டி அந்தப் பக்கம் பச்சப் பசேல்னு பூங்காவுக்கு தண்ணி அடிக்கிறத பாத்தா வயிறு எரியத்தான் செய்யும்." அதுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும், அவர் சொன்னதும் உண்மைதானே.

2015 ஆகஸ்ட்ல மாசாய்ல நிஜமாவே ரேஷன் வந்துச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி, அக்கா பெரிய பீப்பாய் ரெண்டு வாங்கி பொறவாசல்ல வச்சிருந்தாங்க. அந்த நேரத்துல ஜொகூர் கேட்டுச்சு, நாம கூடுதலா சுத்தம் பண்ணின தண்ணிய அனுப்பினோம். லிங்கியு அணையே காஞ்சுக்கிட்டு இருந்த காலம் அது, அடுத்த வருசம் அக்டோபர்ல நீர்மட்டம் 20 சதவீதத்துக்கு இறங்கிச்சு. அப்படியும் அனுப்பினோம். எழுதுன தம்பி நிறுத்திக் காட்டணும்னு சொல்றாரே, நம்மால நிறுத்தக்கூடியது இந்தத் தண்ணிதான். அது போய் சேருறது மலேசியப் பிரதமரா இருந்த மகாதீர் வீட்டுக்கு இல்ல தம்பி, என் அக்கா மாதிரி ஆளுங்க வீட்டுக்கு.

அதவிட முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு. நம்ம கையில இருக்குறது ஒரு காகிதம். அந்த ரெண்டு தண்ணி ஒப்பந்தத்தயும் மதிப்போம்னு மலேசியாவ விட்டு நாம பிரிஞ்ச 1965 பிரிவினை ஒப்பந்தத்துலயே உத்தரவாதம் இருக்கு, அது ஐநா சபையில பதிவாகியிருக்கு. தண்ணி ஒப்பந்தத்த ஒருத்தர் இஷ்டத்துக்கு மாத்தலாம்னா நாம தனி நாடுங்குற காகிதத்தயும் மாத்தலாம்னு ஆகிடும். அதனாலதான் நம்ம ஆளுங்க விலைய விட அந்த விலைய எப்படி மாத்தணுங்குற முறையில கெட்டியா நிக்கிறாங்க. 25 வருசம் கழிச்சு விலைய மறுபரிசீலனை செய்யலாம்னு ஒப்பந்தத்துல இருந்துச்சு, 1987ல மலேசியா செய்யல, அந்த உரிமை போச்சுங்குறது நம்ம வாதம், போகலங்குறது அவங்க வாதம். பேச்சுவார்த்தையில மலேசியா கேட்ட விலை 45 சென்னுன்னு ஆரம்பிச்சு, 60 சென்னாகி, 2002ல 3 ரிங்கிட்டுக்கு போச்சு. 2003 ஜனவரியில அப்போ வெளியுறவு அமைச்சரா இருந்த ஜெயக்குமார் என்ன செஞ்சார்னா, ரெண்டு நாட்டுத் தலைவர்களும் எழுதிக்கிட்ட கடிதங்கள நாடாளுமன்றத்துல அப்படியே எடுத்து வச்சார். யார் எப்ப என்ன கேட்டாங்க, யார் பேச்ச மாத்தினாங்கன்னு படிக்கிறவங்களே முடிவு பண்ணிக்கட்டும்னு. ஒரு வார்த்த திட்டல. 2018ல மகாதீர் மறுபடி பிரதமராகி விலை கேலிக்கூத்துன்னு பேசினப்போ அப்போ வெளியுறவு அமைச்சரா இருந்த விவியன் பாலகிருஷ்ணனும் அதே வழியிலதான் பதில் சொன்னார், தேதியும் விதியும் எடுத்து வச்சு. இதத்தான் அந்த தம்பி அடங்கிப் போறதுன்னு எழுதியிருக்கார். எனக்கு அது அடங்கிப் போறதா தெரியல.

பேசுறப்போ நிதானமா இருக்கணும்னா வீட்டுல தண்ணி இருக்கணும், அதுவும் உண்மைதான். 2002 தேசிய தினத்துல தேசிய விளையாட்டரங்கத்துல 60,000 பேர், கழிவுநீர சுத்தம் பண்ணி எடுத்த நியூவாட்டர் பாட்டில தூக்கிக் காட்டி குடிச்சோம், நானும் என் சம்சாரமும் அந்தக் கூட்டத்துல இருந்தோம். சாக்கடைத் தண்ணியான்னு மூஞ்ச சுளிச்சவங்க நிறைய பேர், என் சம்சாரமும்தான், ஆனா குடிச்சா. 2005ல துவாஸ்ல முதல் கடல்நீர் ஆலை, இப்ப அந்த மாதிரி 5 இருக்கு. மரீனா அணைக்கட்டு 2008ல. 3 ரிங்கிட் கேட்டு கடிதம் வந்த வருசமும் நாம அங்க பாட்டில் தூக்கின வருசமும் ஒண்ணுதான், நல்லா கவனிங்க. இதுக்கெல்லாம் காசு ஆகுது. 2017ல தண்ணிக் கட்டணத்த 30 சதவீதம் ஏத்துறோம்னாங்க, 2024லயும் 2025லயும் சேத்து கன மீட்டருக்கு 50 காசு ஏத்தினாங்க. பில்ல பாக்குறப்போ எனக்கும் வலிக்குது, மூணு ரூம் வீட்டுல பேரப்புள்ளைங்களோட இருக்குறவங்களுக்கு இன்னும் அதிகமா வலிக்கும், அவங்களுக்கு கட்டணத் தள்ளுபடி கூட்டிக் குடுக்கணும்னு அரசாங்கத்த கேட்டுக்குறேன். ஆனா அந்த காசு எங்க போகுதுன்னு தெரிஞ்சுதான் கட்டுறேன்.

கோழிய பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். 2022 ஜூன் 1ல இருந்து மலேசியா கோழிய நிறுத்திச்சு. அப்போ நாம சாப்பிட்ட கோழியில மூணுல ஒரு பங்கு அங்கேர்ந்துதான் வந்துச்சு, அதுவும் உயிரோட வந்து இங்க வெட்டினது. மே கடைசியில ஈசூன் மார்க்கெட்ல காலையில 6 மணிக்கே வரிசை, ஒருத்தருக்கு ரெண்டு கோழிதான்னு கடைக்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டு சொன்னாங்க. கோழிச்சோறு கடை சில இடத்துல மூடியே போட்டாங்க. மலேசியாவுல என்ன நடந்துச்சு? உக்ரைன் சண்டையில தீவன விலை ஏறிடுச்சு, அங்க கோழி விலைக்கு கிலோ 8 ரிங்கிட் 90 சென்னுன்னு உச்சவரம்பு, பண்ணைக்காரங்களுக்கு கட்டுப்படியாகல, சொந்த மக்களுக்கே கோழி இல்ல. எந்த அரசாங்கமா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருக்கும். ஜூன் 30ல இந்தோனேசியாவுல இருந்து கோழி வாங்க நம்ம உணவு அமைப்பு அனுமதி குடுத்துச்சு. ஆமா, மணல நிறுத்தின அதே இந்தோனேசியாதான். 2007ல நாங்க திட்டின மாதிரி அரசாங்கமும் திட்டி முகத்த திருப்பியிருந்தா அந்த கதவு தொறந்திருக்குமான்னு யோசிங்க. அக்டோபர்ல மலேசியாவும் மறுபடி அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க.

அரிசி விஷயத்துலயும் இப்படித்தான், 2023 ஜூலையில இந்தியா பச்சரிசி ஏற்றுமதிய நிறுத்தினப்போ லிட்டில் இந்தியாவுல சிலர் மூட்ட மூட்டயா தூக்கிட்டுப் போனாங்க. அரிசி இறக்குமதி பண்றவங்க ரெண்டு மாச இருப்ப கிடங்குல வச்சிருக்கணும்னு இங்க சட்டமே இருக்கு, அது தெரிஞ்சிருந்தா அந்த ஓட்டம் தேவையே இல்ல. அடுத்த மாசமே நாம கேட்டு இந்தியா சிங்கப்பூருக்கு விலக்கு குடுக்க ஒத்துக்கிச்சு.

ஆசிரியர்கிட்ட எனக்கு ஒரு கோரிக்கை. காப்பிக்கடையில உக்காந்தா 2061ல தண்ணி மொத்தமா நின்னுரும்னு ஒருத்தர் சொல்றார், ஜொகூர் தண்ணி நமக்கு இப்பவே தேவையில்லன்னு இன்னொருத்தர் சொல்றார், ரெண்டுமே தப்பு. 1962 ஒப்பந்தத்துல இருக்குற முக்கியமான விதிகள, 3 சென், 50 சென், 25 வருசம், 2061, எல்லாத்தயும் எளிமையான தமிழ்ல ஒரு முழுப்பக்கம் போடுங்க. நம்ம பசங்க பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போகட்டும். வர்ற தீபாவளிக்கு நான் மாசாய் போறப்போ மச்சானுக்கும் ஒண்ணு கொண்டுபோய் குடுக்குறேன், அவர் அத படிச்சிட்டு எங்க தப்புன்னு சொல்றாரோ அதயும் உங்களுக்கு எழுதி அனுப்புறேன், அதயும் போடுங்க.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்